தளத்தைப் பார்க்கும் கேமரா மட்டும் போதுமா? ஆப்பரேட்டருக்குப் பார்வை தரும் கேமராவும் வேண்டும்

சிங்கப்பூரில் 5 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் திட்டங்களில், அபாயம் அதிகமுள்ள வேலைகள் நடக்கும் இடங்களைக் காணொளிக் கண்காணிப்பு முறையின்கீழ் கொண்டுவருவது 2024 ஜூன் 1 முதல் கட்டாயமாக உள்ளது. வீவக குடியிருப்புப் பேட்டையில் எழும் புதிய புளோக்காக இருந்தாலும் எம்ஆர்டி சுரங்கப் பணியாக இருந்தாலும், தளத்தின் நுழைவாயிலில் கண்காணிப்புக் கேமரா பற்றிய அறிவிப்புப் பலகையை இப்போது பார்க்க முடிகிறது.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமரா தளத்தைத்தான் பார்க்கிறது. எக்ஸ்கவேட்டரின் பின்னால் குனிந்து வேலை செய்யும் ஊழியரை, அந்த இயந்திரத்தைத் திருப்பப்போகும் ஆப்பரேட்டருக்கு அது காட்டுவதில்லை. அந்த வேலையைச் செய்வது இயந்திரத்திலேயே பொருத்தப்படும் கேமரா. இரண்டும் கேமராதான் என்பதால் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதையும் செய்துவிட்டதாக நினைப்பது எளிது. கட்டுமானத் தளங்களில் நம் ஊர்க்காரர்கள் பலர் வேலை செய்வதால், இந்த வேறுபாடு நம் சமூகத்திற்கு மிக நெருக்கமானது. இயந்திரத்தின் இருக்கையில் ஒரு தமிழரும் அதன் சக்கரத்தின் அருகே இன்னொரு தமிழரும் இருப்பது இங்கு அபூர்வமான காட்சியல்ல.

எண்கள் சொல்வது என்ன?

2022ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் வேலையிடங்களில் 36 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி மனிதவள அமைச்சு உயர்த்தப்பட்ட பாதுகாப்புக் காலகட்டத்தை அறிவித்தது. முதலில் ஆறு மாதங்களுக்கு எனத் திட்டமிடப்பட்ட அது, பின்னர் 2023 மே 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2022 முழுவதும் உயிரிழந்தோர் எண்ணிக்கை 46. அது 2023ல் 36ஆகக் குறைந்தது. 100,000 ஊழியர்களுக்கு 0.99 மரணம் என்ற அந்த ஆண்டின் விகிதம், பெருந்தொற்றால் வேலைகள் நின்றுபோன 2020ஐத் தவிர்த்துப் பார்த்தால், அதுவரை பதிவானவற்றில் ஆகக் குறைவானது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2024ல் 43 பேர் உயிரிழந்தனர். விகிதம் 1.2க்கு ஏறியது. அந்த 43 பேரில் 20 பேர் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவர்கள். விகிதத்தை 1.0க்குக் கீழ் கொண்டுவந்து அங்கேயே நிலைநிறுத்துவது 2028ஆம் ஆண்டுக்கான தேசிய இலக்கு.

மரணங்களுக்கான காரணங்களில் வாகன விபத்துகள் தொடர்ந்து முதல் வரிசையில் இருக்கின்றன. உயரத்திலிருந்து விழுவதும், கட்டமைப்புகளோ கருவிகளோ சரிவதும் அதனுடன் சேர்ந்து பேசப்படுகின்றன. லாரி, பளுதூக்கி, எக்ஸ்கவேட்டர், டிப்பர் என எது ஓடினாலும், அதைச் செலுத்துபவரின் கண்ணுக்கு எட்டாத ஓர் இடம் இருக்கவே செய்கிறது.

கண்ணுக்கு எட்டாத இடம் எது?

எக்ஸ்கவேட்டரில் ஆப்பரேட்டர் உட்காரும் அறை இடப்பக்கம் இருக்கிறது. வாளியைத் தாங்கும் பெரிய கை அவருடைய வலப்பக்கப் பார்வையை மறைத்துவிடும். பின்னால், கவிழாமல் இருப்பதற்காக வைக்கப்படும் எதிர் எடையும் இயந்திரப் பெட்டியும் மறைக்கும். இயந்திரம் ஓரடிகூட நகராமல், இருந்த இடத்திலேயே திரும்பும்போது அந்த எதிர் எடைதான் பின்னால் நிற்பவரை அடிக்கிறது அல்லது சுவரோடு நசுக்குகிறது. "வண்டி நிற்கிறது" என்று நினைத்து அருகே போவோர் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சிங்கப்பூரில் லாரி ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், முன்சக்கரத்தை ஒட்டிய இடப்பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. பளுதூக்கியில் தூக்கிய சரக்கே முன்பார்வையை மறைத்துவிடும். டவர் கிரேன் என்று தளத்தில் அழைக்கப்படும் கோபுர பாரந்தூக்கியில் சிக்கலே வேறு: பல மாடி உயரத்தில் இருப்பவருக்குக் கொக்கி இறங்கும் இடமே கண்ணில் படாமல் போகலாம். வாக்கிடாக்கியில் வரும் சிக்னல்மேனின் குரலை நம்பித்தான் அவர் பாரத்தை இறக்குகிறார்.

இதை அளப்பதற்கு அனைத்துலகத் தரநிலைகளும் உண்டு. மண் வேலைக்கான இயந்திரங்களில் ஆப்பரேட்டருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ 5006 வரையறுக்கிறது. இயந்திரத்தைச் சுற்றி 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்திலும், இயந்திரத்தை ஒட்டி ஒரு மீட்டர் தூரத்தில் வரையப்படும் எல்லையிலும் பார்வை சோதிக்கப்படுகிறது. கண்ணாடியாலும் நேர்ப்பார்வையாலும் எட்டாத இடத்தை ஈடுசெய்யும் கேமராக்களுக்கும் உணர்கருவிகளுக்கும் ஐஎஸ்ஓ 16001 என்ற தரநிலை இருக்கிறது. கேமரா விற்க வருபவரிடம் இந்த இரு எண்களைக் கேட்டுப் பாருங்கள். விளக்கத் தெரிந்தவரா, பெட்டியை மட்டும் விற்பவரா என்பது விரைவில் தெரிந்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

படம் எவ்வளவு தெளிவு என்பதைத்தான் விளம்பரங்கள் முன்வைக்கின்றன. தளத்தில் கேமரா பழுதாவதற்கோ பயனற்றுப்போவதற்கோ காரணங்கள் பெரும்பாலும் வேறு.

முதலாவது தண்ணீர். நம் மழையைத் தாங்கினால் போதாது. சேறு பொதுச் சாலைக்கு வராமலிருக்க, தளத்தைவிட்டு வெளியேறும் வாகனங்கள் அழுத்தமான நீரில் கழுவப்படுகின்றன. ஐபி67 என்று குறிக்கப்பட்ட கருவி, தூசி புகாமலும் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. ஆனால் நீரில் மூழ்குவதைத் தாங்குவது ஒன்று, அருகிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்குவது வேறொன்று. அதற்கான சோதனை ஐபி69கே. சுமார் 80 டிகிரி வெந்நீரை உயர் அழுத்தத்தில் அடித்து அந்தச் சோதனை நடத்தப்படுகிறது. கழுவுமிடத்திற்குத் தினமும் போகும் லாரிக்கு இரண்டாவது குறியீடும் இருப்பது நல்லது.

இரண்டாவது அதிர்வு. பாறையை உடைக்கும் கருவியைப் பொருத்திய எக்ஸ்கவேட்டர் நாள் முழுவதும் குலுங்குகிறது. அங்கு லென்ஸ் உடைவதைவிடக் கம்பி இணைப்பு தளர்வதும், வளையும் இடத்தில் கம்பி அறுந்துபோவதும்தான் வழக்கமான தொல்லை. இணைப்பு திருகிப் பூட்டக்கூடியதா, கம்பிக்கு உறை உண்டா, இயந்திரத்தின் 24 வோல்ட் மின்சாரத்தையும் கிளப்பும்போது வரும் ஏற்ற இறக்கத்தையும் அது தாங்குமா என்று கேட்க வேண்டும். காருக்கான மலிவான கேமராவை லாரியில் மாட்டுவது இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது.

மூன்றாவது தாமதம். சில கம்பியில்லா கேமராக்களில், நடப்பது திரையில் தெரியச் சற்று நேரம் பிடிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். அரை நொடித் தாமதம் என்றால் 70 சென்டிமீட்டர். சுழலும் இயந்திரத்தில் நிலைமை இன்னும் மோசம். நிமிடத்திற்கு 10 முறை சுற்றும் எக்ஸ்கவேட்டர் அரை நொடியில் 30 டிகிரி திரும்பிவிடும். சுழலும் மையத்திலிருந்து எதிர் எடையின் விளிம்பு 2.75 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த அரை நொடியில் அது சுமார் 1.4 மீட்டர் வீசியிருக்கும். திரையில் இன்னும் எட்டி நிற்கும் மனிதர், உண்மையில் அடிபட்டிருப்பார். கம்பி இழுக்க முடிந்த இயந்திரத்தில் கம்பிவழி கேமராவே மேல். மேலும் கீழும் போய்வரும் பாரந்தூக்கிக் கொக்கியில் கம்பியில்லா கேமராவைத் தவிர்ப்பது கடினம். அங்கு மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், யார் அதை மாற்றுவார் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

நான்காவது, லென்ஸின் அகலம். பரந்த பார்வை தரும் லென்ஸ் அதிக இடத்தைக் காட்டும். அதே நேரத்தில், அருகில் இருப்பதைத் தொலைவில் இருப்பதுபோலவும் காட்டும். திரையில் தூரக் கோடுகள் இல்லாமலோ, அவை அந்த இயந்திரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படாமலோ இருந்தால், ஆப்பரேட்டர் தவறாகக் கணிக்க வாய்ப்புண்டு. நான்கு கேமராக்களின் படங்களை இணைத்து மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் 360 டிகிரி முறையில், படங்கள் ஒட்டும் விளிம்புகளில் ஒருவர் மறைந்துபோகிறாரா என்று சோதித்துப் பார்ப்பது அவசியம்.

ஓயாமல் கத்தும் எச்சரிக்கை மணி

மனிதரை அடையாளம் கண்டு ஒலி எழுப்பும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் இப்போது பரவலாக விற்கப்படுகின்றன. மரத்தையும் தடுப்புக் கம்பியையும் விட்டுவிட்டு ஆளை மட்டும் சொல்லும் கருவி பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நெருக்கடியான சிங்கப்பூர்த் தளத்தில், இயந்திரத்தைச் சுற்றி எப்போதும் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். எல்லாவற்றிற்கும் கத்தும் மணியை ஆப்பரேட்டர் முதல் வாரம் கவனிப்பார், இரண்டாம் வாரம் சகித்துக்கொள்வார், மூன்றாம் வாரம் ஒலிபெருக்கியில் ஒட்டுப்பட்டை ஒட்டிவிடுவார். அதற்காக அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாள் முழுவதும் பொய் சொல்லும் கருவியை யாரும் நம்பமாட்டார்கள்.

லண்டன் நகரம் இந்தச் சிக்கலை விதியாகவே எழுதிவிட்டது. அங்கு 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனங்களுக்கு, ஓட்டுநர் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதைக் கொண்டு நட்சத்திரத் தரம் கொடுக்கப்படுகிறது. 2024 அக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரத்திற்குக் குறைந்த வாகனங்கள் கேமராக்களும் உணர்கருவிகளும் கொண்ட மேம்பட்ட பாதுகாப்பு முறையைப் பொருத்தினால்தான் நகருக்குள் ஓட முடியும். அந்தக் கருவிகள் சாலையோரக் கம்பங்களுக்கும் நின்றுகொண்டிருக்கும் வாகனங்களுக்கும் எச்சரிக்கை எழுப்பக்கூடாது என்பதும் நிபந்தனை. பக்கத்தில் எது இருந்தாலும் ஒலிக்கும் பழைய உணர்கருவிகள் அங்கு இனிச் செல்லாது. கேமரா இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அது தேவையானபோது மட்டும் பேசுகிறதா என்றும் கேட்டது அந்த விதியின் சிறப்பு.

இன்னொரு வழி, ஊழியர் தலைக்கவசத்திலோ மேலாடையிலோ அணியும் மின்னணு வில்லை. அது மணல் குவியலுக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் வில்லை அணியாத விருந்தினரையும் மின்கலம் தீர்ந்த வில்லையையும் அது அறியாது. கேமராவுக்கும் வில்லைக்கும் தனித்தனிக் குறைகள் இருப்பதால், ஒன்றை மட்டும் நம்பி வேலைமுறையை அமைக்கக்கூடாது.

எனவே, வாங்குவதற்கு முன் சொந்தத் தளத்தில் சோதனை நடத்துவதே சிறந்த வழி. உயிருள்ள ஆளை நிறுத்தாமல், மேலாடை மாட்டிய பொம்மையை நிறுத்த வேண்டும். நின்ற நிலை, குனிந்த நிலை, குவியலுக்குப் பின்னால் பாதி மறைந்த நிலை, மழை, மாலை வெயில் நேராக லென்ஸில் விழும் நேரம், இரவு விளக்கொளி எனப் பார்க்க வேண்டும். ஏசி அறையில் நடக்கும் செயல்விளக்கம் இவற்றில் ஒன்றையும் காட்டாது.

வாடகை இயந்திரம் யார் பொறுப்பு?

பெரிய குத்தகை நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரிகளும் வரவுசெலவுத் திட்டமும் இருக்கின்றன. பொதுத்துறைக் கட்டுமானக் குத்தகைகளை மதிப்பிடும்போது பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காடு எடை தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்ததும் அவற்றிற்கு ஓர் உந்துதல்.

சிக்கல் கீழ்நிலையில் தொடங்குகிறது. தளத்தில் ஓடும் எக்ஸ்கவேட்டரும் லாரி பாரந்தூக்கியும் பெரும்பாலும் வாடகைக்கு வருபவை. சில நாள்களுக்கு ஆப்பரேட்டருடன் வந்து, அடுத்த வாரம் வேறு தளத்திற்குப் போய்விடும். கேமராவுக்கு யார் பணம் போடுவது? கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது? வாடகை நிறுவனம் தளத்தைக் கைகாட்டும், தளம் வாடகை நிறுவனத்தைக் கைகாட்டும். இதற்கு எளிய தீர்வு, வாடகை ஒப்பந்தத்திலேயே மூன்று வரிகளைச் சேர்ப்பது: எந்தெந்தப் பக்கம் கேமரா வேண்டும், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், அதுவரை இயந்திரம் ஓடலாமா கூடாதா.

மூன்றாவது வரிதான் முக்கியம். திரை கருத்துப்போன இயந்திரத்தை "இன்று மட்டும் ஓட்டு" என்று சொல்வது எளிது. அந்த நாளில், தளத்தில் பேங்க்ஸ்மேன் என்று அழைக்கப்படும் வழிகாட்டும் ஊழியர் கூடுதலாக நிற்க வேண்டும், இல்லையேல் இயந்திரம் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சட்டத்தின் துணைவிதிகளை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது என்பதையும் சிறு நிறுவன முதலாளிகள் நினைவில் கொள்ளலாம்.

பதிவு செய்யும் கேமரா, தடுக்கும் கேமரா

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத்தைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்ததையும், அதைத் தொடர்ந்த கலவரத்தையும் நம் சமூகம் மறக்கவில்லை. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் முன் அந்தப் பேருந்தில் இருந்த கேமராக்களின் பதிவுகள் காட்டப்பட்டன. அந்த இரவில் வாய்வழியாகப் பரவிய செய்திகளுக்கு நடுவே, நடந்தது என்ன என்பதை அறிய அவை உதவின. பதிவின் மதிப்பு அது. ஆனால் போன உயிரை எந்தப் பதிவும் மீட்டதில்லை.

கட்டாயமாக்கப்பட்டுள்ள தளக் கேமராக்களின் பயன்களில் விசாரணைக்கு உதவுவதும் ஒன்று. ஊழியர்கள் அதைப் பற்றிச் சற்றுத் தயக்கத்துடன் பேசுவதற்கும் அதுவே காரணம். "நம்மீது பழி போடத்தான் கேமரா" என்ற எண்ணம் தங்குவிடுதிகளில் உண்டு. அந்தத் தயக்கத்தை நிறுவனங்கள் பேசித் தீர்க்க வேண்டும். பதிவை எடுத்து ஒருவரை எல்லார் முன்னிலையிலும் திட்டுவதற்குப் பயன்படுத்தினால், அடுத்த முறை மயிரிழையில் தப்பிய சம்பவத்தை யாரும் சொல்லமாட்டார்கள். அதே பதிவை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் போட்டு "இந்த இடத்தில் பாதையை மாற்றுவோமா?" என்று கேட்டால், அது எல்லாருக்கும் பாடமாகும். வேலையில் காயமடைந்தவர், யார்மீது தவறு என்று நிரூபிக்காமலேயே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோர முடியும் என்பதும் ஊழியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று. கேமராப் பதிவுக்குப் பயந்து காயத்தை மறைக்கத் தேவையில்லை.

மொழி இன்னொரு தடை. எச்சரிக்கைக் குரல் ஆங்கிலத்திலோ சீனத்திலோ மட்டும் பேசினால், பதற்றமான நேரத்தில் அது வெறும் சத்தமாகிவிடும். குரலுக்குப் பதிலாக, எந்தப் பக்கம் ஆபத்து என்று காட்டும் விளக்கும், தூரத்திற்கேற்ப மாறும் ஒலியும் எல்லா மொழிக்காரருக்கும் புரியும். கையேடு தமிழில் இல்லையென்றால், ஆப்பரேட்டருக்குத் தமிழிலேயே ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க விற்பனை நிறுவனத்திடம் கேட்கலாம். பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்குபவர் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கேமராவுக்கு முன்னால் செய்ய வேண்டியது

எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும், அது கடைசித் தடுப்புகளில் ஒன்றுதான். ஆள் நடக்கும் பாதையையும் இயந்திரம் ஓடும் பாதையையும் தடுப்பு வைத்துப் பிரிப்பதும், லாரி பின்னோக்கி வரத் தேவையே இல்லாதபடி சுற்றுப்பாதை அமைப்பதும், எதிர் எடை வீசும் வட்டத்திற்குள் யாரும் நுழையாதபடி அடைப்பதும்தான் முதலில் வர வேண்டியவை. இடம் போதாத தளத்தில் இவை சிரமம்தான். அதனாலேயே "கேமரா போட்டுவிட்டோம், சிக்னல்மேன் வேண்டாம்" என்று ஆள்குறைப்புக்குக் கருவியைக் காரணம் காட்டும் ஆசை எழுகிறது. பாரந்தூக்கி வேலைகளில் சிக்னல்மேனும் ரிக்கரும் பாரந்தூக்கும் பணியின் மேற்பார்வையாளரும் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பாரந்தூக்கி விதிமுறைகள் சொல்கின்றன. கொக்கியில் கேமரா மாட்டியதால் அந்தக் கடமை மாறிவிடாது.

ஊழியர்கள் தரப்பிலும் செய்யக்கூடியவை உண்டு. காலையில் இயந்திரத்தைக் கிளப்பும் முன் லென்ஸைத் துடைத்து, திரையில் படம் வருகிறதா, மணி ஒலிக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். கீழே வேலை செய்பவர், ஆப்பரேட்டர் கையசைத்து ஒப்புக்கொள்ளும்வரை இயந்திரத்தை நெருங்கக்கூடாது. "கேமராவில் அண்ணன் என்னைப் பார்த்திருப்பார்" என்ற நினைப்பு ஆபத்தானது. அந்த லென்ஸில் அப்போது சேறு அப்பியிருக்கலாம். பழுதான கேமராவைச் சொல்லியும் மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை என்றால், ஸ்னாப்சேஃப் செயலியின் வழியாகப் படம் எடுத்துப் புகார் அனுப்பலாம்.

ஐந்து மில்லியன் வெள்ளிக்குக் குறைந்த தளங்களுக்குத் தளக் கேமரா விதி பொருந்தாது. வீட்டுப் புதுப்பிப்பு, சாலையோரக் குழாய் வேலை, சிறு கிடங்கு போன்றவற்றில் இயந்திரமும் மனிதரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அங்கே கம்பத்தில் கேமரா இல்லை, பாதுகாப்பு அதிகாரியும் பல நேரங்களில் இல்லை. சட்டத்தின் அடுத்த படி எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டால், தளத்தின் மதிப்பைவிட இயந்திரத்தின் அபாயத்தை அளவுகோலாகக் கொள்வதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 20 டன் எக்ஸ்கவேட்டரின் பின்னால் நிற்பவருக்கு, அந்தத் திட்டம் 50 மில்லியன் வெள்ளியா, 500,000 வெள்ளியா என்பதில் எந்த வேறுபாடும் இல்லை.